ஆறு கட்டையில் ஒரு பாட்டு

கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மிச்சமிருந்தவர்களுக்கும் எப்போது சீட்டுக் கிழியுமோ என்ற பயம். அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்தியாவிலிருந்து ஒரு பாய்ஸ் நாடகக் கம்பெனி கோலாலம்பூருக்கு வந்து தகரக் கொட்டகை போட்டது. சோற்றுக்கு இல்லாதவனும் நாடகத்துக்கு வந்தான். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார்கள், காப்பாரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் ஜனங்களைப் பற்றி அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி வந்த நான்காவது மாதம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். பத்து வயதிலிருந்து பதினான்குக்குள், நல்ல சாரீரமும் முகவெட்டும் உள்ள பையன்கள் தேவை. மூன்று வருட ஒப்பந்தம். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் கம்பெனியைச் சேர்ந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் கொட்டகையில் தேர்வு. 'படிப்பு' என்று போட்டிருந்ததைப் பார்த்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சிரிக்க எனக்குக் காரணம் இருந்தது. நான் அப்போது அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதற்கெல்லாம் முன்பு, ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, ஊரில் இதே மாதிரி ஒரு கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவன். ஒரே பாயில் ஆறு பேர் படுத்தோம். தாளம் தப்பினால் முழங்காலில் அடி. குரல் உடைகிற பருவத்தை அங்கே மகரக்கட்டு என்பார்கள். எனக்கு மகரக்கட்டு வந்த வாரத்தில் ஒரு துணி மூட்டையையும் என்னையும் பெயர் தெரியாத ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, கம்பெனி அதே ரயிலில் போய்விட்டது. இது எதையும் நான் பிரிக்பீல்ட்ஸில் யாரிடமும் சொன்னதில்லை. 'கம்பெனியில் இருந்தவன்' என்பதை மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. மதிப்பு கிடைக்கிற இடத்தில் உண்மையை முழுதாகச் சொல்கிறவன் நான் இல்லை.

நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து என் வீட்டு வாசலில் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். போன வருடம்வரை நாடகக்காரனைக் கூத்தாடி என்று சொல்லி வீட்டுக்குள் விடாத ஆட்கள்தான். இப்போது பேசும் படம் வந்துவிட்டது. நாடகத்துப் பையன்கள் படத்தில் பாடுகிறார்களாம், அவர்கள் பாட்டு கிராமபோன் பிளேட்டில் வருகிறதாம். கூத்தாடி ஒரே வருடத்தில் கலைஞனாகிவிட்டான். கீச்சுக் குரலில் தேவாரம் சொல்கிற பையனை முன்னால் தள்ளி, "எங்க வம்சத்திலயே சங்கீதம் இருக்குங்க" என்றார்கள். எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். ஒரே ஒரு வீட்டை மட்டும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

அது ரயில்வே சரக்கு ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவரின் வீடு. என் பள்ளிக்கூடக் கமிட்டியில் அவர் ஒரு ஆள். என் வேலை அவர் நாக்கில் இருந்தது. கனத்த உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு, வெயில் இல்லாத நேரத்திலும் கையில் ஒரு தொப்பி. கீழே இருக்கிற கிராணிகளிடம் இங்கிலீஷிலும், கூலிகளிடம் மலாயிலும், கடவுளிடம் மட்டும் தமிழிலும் பேசுவார். துரைக்கு முன்னால் அந்தப் பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சிறிதாகிறது என்று ஆபீஸ் பியூன் ஒருவன் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறான்.

"வாத்தியாரே, நம்ம பையன் தேறணும். வேற பேச்சு இல்ல. தெனமும் நாலு மணிக்கு குவாட்டர்ஸுக்கு வந்துருங்க" என்றார்.

போனேன்.

பையனுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஒல்லி, பெரிய கண், அதிகம் பேசமாட்டான். குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் லேசாகத் தடிக்க ஆரம்பித்திருந்தது. நாலரைக் கட்டைச் சுருதியில் இழைந்து பாடுவான். ஐந்துக்கு ஏற்றினால் கழுத்து நரம்பு புடைக்கும். ஆறில் நிச்சயம் உடையும். முதல் நாளே எனக்கு இது தெரிந்துவிட்டது.

பையனைத் தயார் செய்வது சுலபம். ஒரு பாட்டு, ஒரு வசனம், எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, அவ்வளவுதான். குடும்பத்தைத் தயார் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அம்மாள் பையனுக்குக் காலையில் மிளகுப்பால், மத்தியானம் பச்சை முட்டை, சாயங்காலம் பனங்கற்கண்டு என்று கொடுத்து அவன் வயிற்றைக் கெடுத்து வைத்திருந்தாள். வெயிலில் கறுத்துவிடுவான் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். மூன்று கோயிலில் வேண்டுதல். போதாது என்று, அடுத்த குவாட்டர்ஸில் இருந்த கத்தோலிக்கக் குடும்பத்திடம் சொல்லி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

ஒருநாள் அவர்கள் இருவரையும் உட்கார வைத்து நேராகவே சொன்னேன்.

"மூணு வருஷ அக்ரிமென்ட்டுன்னா, மூணு வருஷம் பையன் உங்க பையன் இல்லம்மா. அவங்க எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போவான். காச்சல் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "வேஷத்தோட போட்டோ எடுத்து அனுப்புவாங்கல்ல வாத்தியாரய்யா? ஹால்ல மாட்டணும்."

நான் எழுந்து ஹார்மோனியத்தை மூடினேன்.

பெரிய கிராணியைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். ஆபீஸ் முடிந்து ஐந்து மணிக்கு வருவார். கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்துகொள்வார். நான் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ராணி காட்டில் புருஷனைத் தொலைத்துவிட்டுப் புலம்புகிற கட்டம். பையன் சொல்லச் சொல்ல அவர் உதடும் கூடவே அசையும். பையன் ஒரு வார்த்தை விட்டால், "ஏண்டா, 'தெய்வமே'க்கு அப்புறம் ஒரு மூச்சு விடணும்னு எத்தனை தடவை சொல்றது!" என்று பாய்வார். அது நான் சொன்னதில்லை. அவரே கண்டுபிடித்தது. சரியாகவும் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஹார்மோனியப் பெட்டியின் மேல் ஒரு ரோத்தான் பிரம்பு வைத்திருந்தார். "நீங்க தயங்காதீங்க வாத்தியாரே" என்றார். நான் அதைத் தொடவில்லை. நான் போன பிறகு அது என்ன ஆகிறது என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், பையன் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டான்.

"சார், அங்க சேந்துட்டா தீவாளிக்கு வீட்டுக்கு விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"பொங்கலுக்கு?"

"எதுக்கும் விட மாட்டாங்கடா."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தான். எனக்கு அந்தப் பெயர் தெரியாத ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. பிள்ளை பயப்படுகிறான் என்று நினைத்தேன். இந்தப் பகட்டுப் பிடித்த குடும்பம் ஹாலில் போட்டோ மாட்டுவதற்காக ஒரு பிள்ளையை அந்தப் பாயில் படுக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். பிள்ளையைத் தப்ப வைக்க வேண்டும், ஆனால் என் மேல் பழி வரக் கூடாது. வழி சுலபமாகத்தான் இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நாற்பது, ஐம்பது குடும்பம் இருக்கும். தலை நிறைய எண்ணெய், முகம் நிறைய பவுடர். மழையில்லாத நாளிலும் அந்தத் திடல் சகதி. தீபாவளிப் பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். கம்பெனி முதலாளி மேடைக்குக் கீழே ஒரு சாய்வு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பையனையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார், திரும்பச் சொன்னார். மாட்டுச் சந்தையில்கூடக் கொஞ்சம் மரியாதை உண்டு. பெற்றவர்கள் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

எங்கள் முறை வந்தது. கம்பெனி ஹார்மோனியக்காரர் என்னைப் பார்த்து, "எத்தனை கட்டை?" என்றார்.

"ஆறு" என்றேன்.

பையன் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேடைத் திரையில் எழுதியிருந்த அரண்மனைத் தூண்களைப் பார்த்தேன்.

பாடினான். பல்லவி எப்படியோ தப்பித்தது. அனுபல்லவியில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்து, சேவல் குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுற்றி நின்ற கம்பெனிப் பையன்கள் கெக்கலி கொட்டினார்கள். முதலாளி கையைத் தூக்கினார்.

"மகரக்கட்டு. போதும். அடுத்த பையன்."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நினைத்தபடியே எல்லாம் முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெரிய கிராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஐயா, பாட்டு போகட்டுங்க. வசனம் கேளுங்க. வசனத்துல பையன் சூரன்."

பையன் வாயைத் திறக்கவில்லை. "சொல்லுடா" என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லுடா, 'தெய்வமே'ன்னு ஆரம்பி!" என்று கத்தினார். அப்படியும் அவன் அசையவில்லை.

அவரே ஆரம்பித்தார்.

வெள்ளைக் கோட்டோடு, கையிடுக்கில் தொப்பியோடு, நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அந்தச் சகதித் தரையில் மண்டியிட்டு, ராணியாகப் புலம்பினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலைந்து வரிக்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மனிதர் நன்றாகச் செய்தார். குரலை எங்கே இறக்க வேண்டும், கையை எங்கே நிறுத்த வேண்டும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆபீஸில் இருபது வருடம் துரைக்கு முன்னால் குனிந்தவருக்கு அழுகிற ராணியைச் செய்வது ஒரு பெரிய விஷயமா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் பொறாமை.

முடித்துவிட்டு முழங்கால் சகதியோடு எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது. பையனை அவர் மறந்தே போயிருந்தார்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஸ்திரீபார்ட்டுக்கு வயசில்ல, உடம்பும் இல்ல. நம்ம பபூன் கிள்ளான்ல காச்சலாப் படுத்துட்டான். ரெண்டு வாரம் அந்த வேஷம் கட்டுறீங்களா?" என்றார்.

"ராஜபார்ட்டு ஏதாச்சும்..." என்று பெரிய கிராணி மெதுவாக இழுத்தார்.

"பபூன்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றார் பெரிய கிராணி.

நாங்கள் கிளம்பும்போது முதலாளி என்னை மட்டும் விரலைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நீ கம்பெனியில இருந்தவன்தானே?"

"ஆமாங்க."

"நாலரைக் கட்டைத் தொண்டைய ஆறுக்கு ஏத்திவிட்ட. ஏன்னு நான் கேக்கல. எனக்கு ஒரு வாய் சோறு மிச்சம்." என் தோளைத் தட்டினார். ஒரு திருடன் இன்னொரு திருடனைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

பெரிய கிராணி அங்கேயே ஒத்திகைக்கு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் யார் முகத்திலும் விழிக்காமல் ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டாள். பையனும் நானும் நடந்து வந்தோம். ஆற்றுப் பாலத்தில் அவன் நின்று கேட்டான்.

"நாலரைன்னு சொல்லியிருக்கலாம்ல சார்?"

"உன் நல்லதுக்குத்தாண்டா. அங்க நடக்கறது உனக்குத் தெரியாது. அடிச்சே கொன்னுடுவாங்க."

சட்டையைப் பின்னால் தூக்கிக் காட்டினான். ரோத்தான் பிரம்பின் வரிகள். பழையவற்றின் மேல் புதியவை.

"நீங்க அஞ்சரைக்குக் கெளம்பிடுவீங்க" என்றான். "தீவாளிக்குக்கூட வீட்டுக்கு விட மாட்டாங்கன்னு நீங்க சொன்னப்புறம்தான் சார் நான் ஒழுங்காப் பாட ஆரம்பிச்சேன். எனக்குப் போகணும்னு இருந்துச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ புத்திமதிதான் சொல்லியிருப்பேன். வாத்தியார் வாயில் வேறென்ன வரும்? அவன் கேட்டுக்கொள்ளாமல் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போனான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை.

பெரிய கிராணி காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் பபூன் வேஷம் கட்டினார். அவருக்குக் கிடைத்தது மருமகளைக் கொடுமைப்படுத்தும் ஒரு குண்டு மாமியார். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அவரிடம் திட்டு வாங்கிய சின்னக் கிராணிகள் எல்லாரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தட்டினார்கள். அந்த அம்மாள் கிள்ளானில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். கமிட்டிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். வேலை போகப் போகிறது என்று பிரிக்பீல்ட்ஸே சொன்னது. சொன்ன ஆட்களின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். என் முகத்திலும் அது இருந்திருக்கும்.

இரண்டாவது சனிக்கிழமை அவருடைய துரையே மனைவியோடு காட்சிக்கு வந்துவிட்டார். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை புரியாமல் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். திங்கட்கிழமை அவரை அறைக்குள் கூப்பிட்டபோது ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொண்டதாம். துரை சொன்னது இதுதான்: "கிறிஸ்மஸுக்கு எங்கள் கிளப்பில் இதைச் செய்து காட்ட வேண்டும்."

அந்தச் செய்தியைச் சொல்ல அவர் என் வீட்டுக்கே வந்தார்.

"வாத்தியாரே, துரையே வாய விட்டுக் கேட்டாரு. எனக்கு ஹார்மோனியம் நீங்கதான் வாசிக்கணும்."

"என்னவா நடிக்கப் போறீங்க ஐயா? ராணியாவா?"

"ராணி அவங்களுக்குப் புரியாது லா. குண்டு மாமியார்தான். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொல்லணுமாம், கொஞ்சம் கீழ விழணுமாம்."

அவர் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே துரைசாணியிடமிருந்து ஒரு டின் பிஸ்கெட் அவர் வீட்டுக்குப் போயிருந்தது. அதைக் கேள்விப்பட்டதும் அந்த அம்மாள் கிள்ளானிலிருந்து அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். காலி டின்னைத் துடைத்து ஹாலில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பெரிய கிராணிக்குக் கலை ரத்தத்திலேயே இருக்கு" என்றார்கள்.

கம்பெனி ஈப்போவுக்குப் போனது, பினாங்குக்குப் போனது, பிறகு கப்பலேறிவிட்டது. பெரிய கிராணி மட்டும் வருடா வருடம் கிளப்பில் விழுந்துகொண்டிருந்தார். முதல் வருடம் ஒரு தடவை விழுந்தார். அடுத்த வருடம் மூன்று தடவை. ஒரு துரை பாதிக் கூத்தில் மேடையேறி அவர் கொண்டையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். சபை ஆர்ப்பரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வழுக்கைத் தலையோடு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். மேக்கப்பைக் கழுவும்போது, "பாத்தீங்களா வாத்தியாரே, எவ்வளவு நெருக்கமாப் பழகுறாங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

பையன் பதினாறு வயதில் டெங்கில் பக்கம் ஒரு ஈயச் சுரங்கத்துக்கு லோரியில் உதவியாளாகப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கடிதம் இல்லை. அவனைப் பற்றி யாராவது கேட்டால் பெரிய கிராணி, "அவனுக்கு வராது. மேடைன்னா ஒரு துணிச்சல் வேணும்" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்தக் கிளப்பில் நான்கு கிறிஸ்மஸ் நான் ஹார்மோனியம் வாசித்தேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அவர் விழுகிற நேரம் பார்த்து நான் ஒரு கட்டையை அழுத்தி 'டொய்ங்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்துவிட்டேன் என்று அவர் வருத்தப்பட்டார். அடுத்த வருடம் சரியாகக் கொடுத்தேன். முடிந்ததும் எங்களைச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பி, ஆளுக்கு ஒரு தட்டில் கேக் கொடுப்பார்கள். பெரிய கிராணி நின்றுகொண்டே சாப்பிடுவார். நான் படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நல்ல கேக்தான். இனிப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.